நாய்க்குட்டியும் நமது கடமையும்

தேசத்தின் பெரிய காரியங்களைப் பேசவேண்டிய இந்தப் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியின் கதைக்கு இடம் கொடுப்பானேன் என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயினும், 2025-ம் வருஷத்தில் நம் நாட்டின் சுப்ரீம் கோர்ட்டானது, தெருநாய் விஷயமாக மூன்று மாத காலத்திற்குள் மூன்று முக்கியமான உத்தரவுகளைப் பிறப்பிக்க நேர்ந்ததையும், அவ்வுத்தரவுகளைக் குறித்து ஜனங்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து வீதிதோறும் வாதாடியதையும் நினைவுகூர்ந்தால், இஃது அற்ப விஷயமன்று என்பது விளங்கும். ஒரு கட்சியார், நாய்களையெல்லாம் ஊரைவிட்டே அகற்றிவிட வேண்டும் என்றனர். மற்றொரு கட்சியார், அவற்றின்மீது ஒருவரும் கை வைக்கலாகாது என்றனர். இவ்விரு கட்சியாரிலும், தம் வீட்டுக் கதவைத் திறந்து, தெருவில் பிறந்த ஒரு குட்டியை உள்ளே ஏற்றுக்கொண்டவர் எத்தனை பேர்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இதனை எழுதப் புகுந்தோம். கேட்பதற்கு முன், நமது இல்லத்தில் நடந்ததைச் சொல்லிவிடுவது முறையாகும்.

புதுச்சேரிப் பட்டணத்திலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் இருப்பது ரெட்டியார்பாளையம். 2024-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி இரவு, "ஃபெஞ்சல்" என்று பெயரிடப்பட்ட புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிற்று. தெருக்கள் வாய்க்கால்களாயின, வாய்க்கால்கள் ஆறுகளாயின. பல வீடுகளில் முழங்கால் அளவுக்குமேல் நீர் புகுந்தது. படகு கொண்டுவந்து ஜனங்களை மீட்கும் நிலை உண்டாயிற்று. மனிதருக்கே புகலிடம் தேடவேண்டிய அந்தச் சமயத்தில், தெருவில் கிடந்த வாயில்லாப் பிராணிகளை எண்ணிப் பார்க்க எவருக்கு நேரமிருந்தது?

மழை ஓய்ந்த மறுநாள், நமது இல்லத்துப் பையன், பதினோரு வயதுப் பாலகன், தெருக்கோடியிலுள்ள வாய்க்கால் பாலத்தடியில் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தான். மூன்று குட்டிகள் கிடந்தன. இரண்டு மாண்டுவிட்டன. மூன்றாவது, சேற்றில் பாதி புதைந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. தாய் நாய் வருமோ என்று மாலைவரை பார்த்தார்கள், வரவில்லை. பையன் இறங்கிக் குட்டியைத் தூக்கினான். அது பயத்தினால் அவன் விரலைக் கவ்விற்று. ஊசிமுனை போன்ற பால்பற்கள். விரலில் இரத்தம் துளிர்த்தது. அதைப் பொருட்படுத்தாமல் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு வீட்டிற்கு ஓடிவந்தான்.

வாசலில் நமது அத்தையார் உட்கார்ந்திருந்தார். எண்பது பிராயம் கடந்தவர். பையன் "ஆயா, ஆயா, இதைப் பாரேன்" என்று சொல்லிக்கொண்டே குட்டியை நீட்டினான். அவர் குட்டியைப் பார்க்கவில்லை. விரலில் இருந்த இரத்தத்தையே பார்த்தார். அவர் முகம் மாறிய விதத்தை நாம் எளிதில் மறக்க இயலாது. ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, பையனைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று, சோப்புப் போட்டு அந்த விரலைக் கழுவ ஆரம்பித்தார். கால் மணி நேரம் விடவேயில்லை. பிறகுதான் நம்மை நோக்கி, "முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போ. நாயைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார்.

அவர் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு. அது 1952-ம் வருஷம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம். அத்தையாருக்குப் பத்து வயது. அவருடைய தம்பிக்கு, அதாவது நாம் காணாமலே போன நமது சிற்றப்பாவுக்கு, ஏழு வயது. அச்சிறுவனும் தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிவந்தான். அதுவும் கடித்தது. சிறு கீறல்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். குட்டி சில தினங்களில் செத்துப்போயிற்று; அதையும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து, சிறுவனுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகிற்று. பிறகு நடந்ததை அத்தையார் ஒருநாளும் முழுமையாகச் சொன்னதில்லை. எழுபது வருஷமாக அவர் நாய் என்றால் ஒதுங்கியே நடந்துவந்தார். உறவினர் அதனைக் கிழவியின் பிடிவாதம் என்று நகைப்பதுண்டு. அது பிடிவாதமன்று, தம்பியின் நினைவு என்பதை நாமே அன்றுதான் நன்கு உணர்ந்தோம்.

நிற்க. இந்த நோயின் தன்மையை வாசகர்கள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியம். வெறிநோயின் கிருமி, நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் தங்கியிருந்து, கடியின் வழியாகவோ கீறலின் வழியாகவோ உடம்பினுட் புகுகின்றது. புகுந்தபின் நரம்புகளின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கின்றது. இந்தப் பிரயாணத்திற்குச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். மூளையை அடைந்து குறிகள் தோன்றிவிட்டால், பிழைத்தவர் மிக மிக அரியர். ஆனால் கிருமி வழியில் இருக்கும்போதே தடுப்பூசி போட்டுக்கொண்டால், மரணத்தைத் தடுத்துவிடலாம். உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவுவதே முதற் சிகிச்சை. இரத்தம் கசிந்த கடியாயின், ஊசியோடு எதிர்ப்புச் சீரத்தையும் புண்ணைச் சுற்றிச் செலுத்துவர். குட்டிதானே, வீட்டு நாய்தானே என்ற அலட்சியமே இன்றளவும் உயிர்களைக் கொண்டுபோகின்றது.

இந்த ஊசியின் சரித்திரம் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு விதத்தில் பாடமாகும். 1885-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி, பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டர் என்ற பேரறிஞர், வெறிநாய் கடித்த ஜோஸப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது புதிய மருந்தைச் செலுத்தி அவனைக் காப்பாற்றினார். தென்னிந்தியாவில், நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில், 1907-ம் வருஷம் பாஸ்டர் ஸ்தாபனம் தோன்றிற்று. அப்படியிருந்தும், அதற்கு நாற்பத்தைந்து வருஷங்களுக்குப் பின்னர் நமது சிற்றப்பா மாண்டார். மருந்து உலகத்தில் இருந்தது. அதனைப் பற்றிய அறிவு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. விஞ்ஞானம் நூலிலே இருந்து பயன் என்ன? பாமரன் வீட்டுக் குழாயடிவரை அது வந்து சேரவேண்டும். நாட்டுத் தொண்டு என்பதன் பெரும்பகுதி, இவ்வாறு கொண்டு சேர்க்கும் வேலைதான்.

அந்நியர் ஆட்சி போயிற்று. 1954-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்தில் சேர்ந்தது. ஆனால் இந்த நோய் போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலைச் சேர்ந்த அறிஞர்கள் 2022, 2023-ம் வருஷங்களில் நாடு முழுவதும் விசாரித்து வெளியிட்ட கணக்கின்படி, வருஷத்திற்கு ஏறத்தாழ 91 லட்சம் பேர் பிராணிகளால் கடிபடுகின்றனர். அவற்றில் நான்கில் மூன்று பங்கு நாய்க்கடி. வெறிநோயால் மாள்வோர் ஏறத்தாழ 5,700 பேர். முன்னர் உலக சுகாதார ஸ்தாபனத்தார் இட்ட மதிப்பு இதைவிடப் பன்மடங்கு அதிகமாயிருந்தது. ஆகவே குறைந்திருக்கிறது என்பது ஆறுதல். ஆயினும், தடுக்கக்கூடிய நோயால் ஓர் உயிர் போனாலும் அது நம் எல்லோருக்கும் தலைகுனிவேயாகும்.

ஆஸ்பத்திரியில் பையனுக்கு ஊசியும் சீரமும் போட்டார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அட்டையை அத்தையார் தம் பூஜை அறையில் வைத்துக்கொண்டார். குட்டியைப் பின்கட்டில் தனியே ஒரு கோணிப்பையின் மேல் விட்டிருந்தோம். கடித்த பிராணி பத்து நாள் நலமாக இருந்துவிட்டால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் நஞ்சு இல்லை என்று கொள்வது வைத்தியர் வழக்கம்; ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருத்தல் கூடாது. அந்தப் பத்து நாளும் அத்தையார் பின்கட்டுக் கதவருகில் நின்று, குட்டி சாப்பிட்டதா, நீர் குடித்ததா என்று தூரத்திலிருந்தே பார்த்துப் பார்த்துச் சென்றார். முதலிற் பயத்தினால் பார்த்தார். பிறகு எதனால் பார்த்தார் என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பதினோராம் நாள், குட்டி பிழைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு வந்த அண்டை வீட்டார் ஒருவர், அதனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெட்டைக் குட்டி ஐயா. வளர்த்து என்ன பயன்? வருஷத்துக்கு இரண்டு முறை குட்டி போடும். மார்க்கெட் பக்கம் விட்டுவிடுங்கள், தின்று பிழைத்துக்கொள்ளும்" என்று யோசனை சொன்னார். அவர் கெட்ட மனிதரல்லர். ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் சொன்னார். கடுவன் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிச் சென்றுவிட்டு, பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலே கட்டி ஏரிக்கரையிலும் சந்தையிலும் விட்டுவருவது நம்மவர் வழக்கம். தெருவில் நாய் பெருகுவதற்கு இதைவிட வேறு உபாயம் வேண்டுவதில்லை. அத்தையார் உள்ளிருந்தபடியே, "பெட்டை என்பதற்காகவா விடச் சொல்கிறாய்? இந்த வீட்டில் அப்படி ஒருவரையும் விட்டதில்லையப்பா" என்றார்.

அன்று மாலை அவர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். ஊசி ஒன்றும் தவறக்கூடாது. அதன் வயிற்றுப் பிள்ளைகள் தெருவுக்குப் போகக்கூடாது. சலித்துப்போயிற்று என்று பிற்பாடு கொண்டுபோய் விடக்கூடாது. இவற்றிற்குச் சம்மதமென்றால் அது இருக்கட்டும் என்றார். சட்டம் இயற்றும் சபைகளில் நாட்கணக்காக ஆராய்ந்து வகுக்கும் விதிகளின் சாரம் முழுவதும் இம்மூன்றில் அடங்கியிருப்பதைக் கண்டு நாம் வியந்தோம். ஒவ்வொன்றாக விளக்குவோம்.

முதலாவது, பராமரிப்பு. நமது இல்லத்தார் முதலில் ஒரு பிழை செய்தனர். இளங்குட்டி என்று இரங்கிப் பசும்பாலை வயிறாரக் கொடுத்தனர், பேதி கண்டது. பசும்பாலிலுள்ள சர்க்கரைச் சத்து நாய்க்குட்டிகள் பலவற்றிற்கு ஜீரணமாவதில்லை என்று கால்நடை வைத்தியர் சொன்ன பிறகே அறிந்தோம். ஐந்து வாரக் குட்டிக்குக் குழைந்த சோறும் வெந்த முட்டையும் கோழிக்கறியும் சிறுகச் சிறுக, நாளைக்கு நான்கு வேளை கொடுக்கவேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்கலேட்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். பூச்சி மருந்தை மூன்று மாதம்வரை இரண்டு வாரத்திற்கொரு முறையும், அதன்பின் ஆறு மாதம்வரை மாதமொரு முறையும் கொடுப்பர். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரு கொடிய நோய்களுக்கு முதல் ஊசி. பிறகு மூன்று நான்கு வாரத்திற்கொரு முறை மறு ஊசி. மூன்று மாதம் நிறைந்தவுடன் வெறிநோய்த் தடுப்பூசி. வருஷந்தோறும் அதனைப் புதுப்பிக்கவேண்டும். ரெட்டியார்பாளையத்திற்கு அருகே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பெயரால் அமைந்த கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் ஒன்று உள்ளது. இவ்வளவு அருகில் இவ்வித ஸ்தாபனம் இருக்கும் பாக்கியம் எல்லா ஊருக்கும் கிட்டுவதன்று.

இரண்டாவது, பெருக்கத்தைத் தடுத்தல். பெட்டை நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்களே. ஒரு வருஷத்தில் இரண்டு ஈற்று. ஈற்றுக்கு நான்கைந்து குட்டிகள். அவற்றுள் பெரும்பாலானவை தெருவிலே பசியாலும் நோயாலும் வாகனங்களாலும் மாள்கின்றன. மிஞ்சியவை மறுபடி பெருகுகின்றன. சென்னை நகரசபையார் நெடுங்காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தனர். கொல்லக் கொல்ல, காலியான தெருக்களில் வேறு நாய்கள் வந்து புகுந்தனவேயன்றித் தொல்லை நீங்கவில்லை. 1959-ல் சென்னையில் தோன்றிய "புளூ கிராஸ்" சங்கத்தார், கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போடுவதே வழி என்று வற்புறுத்திவந்தனர். 1996-ல் சென்னை மாநகராட்சி கொல்லும் முறையைக் கைவிட்டு அவ்வழியை மேற்கொண்டது. மத்திய சர்க்கார் 2001-ல் அதனை நாடு முழுவதற்கும் விதியாக்கி, 2023-ல் புதிய விதிகளை வகுத்தனர். ஆகவே வழி தெரியாமலில்லை, நடப்பதில்தான் குறை. நமது இல்லத்துக் குட்டிக்கு ஆறு மாதம் நிறைந்ததும் அறுவைச் சிகிச்சை செய்வித்தோம். ஒரு வாரத்தில் துள்ளி ஓடிற்று.

மூன்றாவது, கைவிடாமை. இதுவே மிகவும் கடினமானது. 1960-ம் வருஷத்திய பிராணி வதைத் தடுப்புச் சட்டம், பிராணியைப் பசிக்கும் தாகத்திற்கும் ஆளாகும்படி காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமென்றே கூறுகின்றது. இச்சட்டம் பிறந்த வரலாறு தமிழர் பெருமைப்படத்தக்கது. மதுரையில் பிறந்து கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவி, ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்தபோது, தனிநபர் மசோதாவாக இதற்கு வித்திட்டவர். பின்னர் 1962-ல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்திற்கு முதல் தலைவராகவும் அமர்ந்தார். ஆனால் அச்சட்டம் முதற்குற்றத்திற்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையில்! அக்காலத்தில் அது தொகையாயிருந்திருக்கலாம். இக்காலத்தில் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாத அபராதம் எவரைத் தடுக்கும்? சட்டசபைகளில் நம் பிரதிநிதிகள் கவனிக்கவேண்டிய விஷயங்களுள் இதுவும் ஒன்று.

இனி, மேற்சொன்ன சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுகளுக்கு வருவோம். 2025 ஆகஸ்டு 11-ந் தேதி இரு நீதிபதிகள், டில்லி வட்டாரத்துத் தெருநாய்கள் யாவற்றையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு பணித்தனர். ஆகஸ்டு 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் அதனைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, வெறிகொண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும், உணவிடுவதற்குத் தனி இடங்கள் குறிக்கவேண்டும் என்றும் கூறி, விசாரணையை எல்லா மாகாணங்களுக்கும் விரித்தனர். நவம்பர் 7-ந் தேதி, பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், விளையாட்டு அரங்குகள், பஸ் நிலையங்கள், ரெயில் நிலையங்கள் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றைத் திரும்ப அங்கே விடலாகாது என்றும் உத்தரவிட்டனர். பத்திரிகைகள் இவற்றைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. ஆனால் ஆகஸ்டு 22-ந் தேதி உத்தரவிலே ஒரு வாசகம் அதிகமாகப் பேசப்படவில்லை: பிராணிகளிடம் அன்புள்ளோர் நகரசபைக்கு மனுச் செய்துகொண்டு தெருநாயைத் தத்தெடுக்கலாம், அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமற் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்பதே அது. இரு கட்சியாரும் ஒருங்கே ஒப்புக்கொள்ளத்தக்க வழி இந்த ஒன்றுதான். இதைப் பற்றியே இருவரும் மௌனம் சாதித்தனர். காரணம் என்ன? மற்ற வழிகளிலெல்லாம் பொறுப்பு சர்க்காருடையது; இதில் பொறுப்பு நம்முடையது.

இந்தக் கருத்து புதிதன்று. 1926-ம் வருஷத்தில் ஆமதாபாத்தில் ஆலை முதலாளி ஒருவர் வெறிபிடித்தனவும் பிடிக்கக்கூடியனவுமான 60 நாய்களைக் கொல்வித்தார். ஜீவகாருண்யவாதிகள் கொதித்தெழுந்து மகாத்மாவிடம் முறையிட்டனர். அஹிம்சையின் வடிவமான அவர் அச்செயலைக் கண்டிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அவரோ "யங் இந்தியா" பத்திரிகையில் பல வாரங்கள் அதனைக் குறித்து எழுதி, எதிர்பாராத திசையில் கேள்வியைத் திருப்பினார். எஜமானன் இல்லாத நாய் தெருவில் திரிவதே சமூகத்திற்கு இழுக்கு. எச்சில் துண்டை எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வது தயையாகாது. நாயிடம் அன்புள்ளவன் அதனைத் தன் பொறுப்பில் ஏற்று வளர்க்கட்டும் என்பது அவர் வாதத்தின் கருத்து. அந்த வாதத்தில் அவர் கொல்வதற்கு அளித்த இடத்தை நாம் இன்று ஏற்கவேண்டியதில்லை. தடுப்பூசியும் கருத்தடையும் இக்காலத்தில் நமக்கு வேறு வழியைத் திறந்துவிட்டிருக்கின்றன. ஆனால் அவர் கேட்ட கேள்வி நூறு வருஷமாக விடை காணாமலே நிற்கின்றது.

மற்றொரு விஷயமும் கூறாமலிருக்க இயலவில்லை. பணம் படைத்த நம்மவர், பனிநாட்டிற்கென்று அமைந்த அடர்ந்த ரோமமுடைய நாய்களை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கி, புதுச்சேரியின் சித்திரை வெயிலிலே வாட்டுகின்றனர். குளிர்சாதன அறையில் நாயைப் பூட்டி வைத்துவிட்டு, அதனைக் கௌரவமென்று கொண்டாடுகின்றனர். வெள்ளையன் வெளியேறினான், அவன் விட்டுச்சென்ற மோகம் வெளியேறவில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நமக்கென நாயினங்கள் இல்லையா? 2005-ம் வருஷம் சர்க்கார் வெளியிட்ட தபால் தலைகளில் இராஜபாளையம் நாயும் இடம் பெற்றதே! அவற்றைவிடவும் எளிதாகக் கிடைப்பது நம் தெருவில் பிறந்த நாட்டு நாய். இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியது, குட்டை ரோமம், குறைந்த தீனி, கூர்த்த அறிவு. கைத்தறிக்குச் சுதேசியம் பேசும் நாம் கதவருகே காவல் நிற்கும் பிராணியிடத்தில் அதனை மறந்தது ஏன்?

நம் முன்னோர் நாயை இழிவாகவே கருதினர் என்று சொல்வோர் உளர். அவர்கள் திருவண்ணாமலைச் சீமையிலுள்ள எடுத்தனூருக்குச் சென்று பார்க்கட்டும். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே கிடைத்துள்ளது. அதில் மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலையும் கல்லிலே பொறித்திருக்கின்றனர். ஏறத்தாழ 1,400 வருஷங்களுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஜாதி நாம். நாலடியார் செய்த சமண முனிவரும் உற்ற நட்புக்கு நாயையே உவமையாக்கினர்; யானையை அல்ல. பிற உயிர்களிடத்துக் கருணை காட்டுவது பிரஜையின் கடமை என்று 1976-ல் நம் அரசியல் சாஸனத்தில் சேர்த்த ஷரத்து, இந்த மரபின் தொடர்ச்சியேயன்றி அந்நியச் சரக்கன்று.

கருணை ஒன்றே போதுமா? போதாது. ஒழுங்கும் வேண்டும். நம்மைப் போலவே அந்நியர் பிடியிலிருந்து விடுபட்ட கோவாவைப் பாருங்கள். அங்கே சர்க்காரும் தொண்டர்களும் கூடி, வருஷந்தோறும் கிராமம் கிராமமாகச் சென்று நாய்களுக்கு ஊசி போட்டனர். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாய்க்கடியைப் பற்றிப் போதித்தனர். 2021-ல் கோவா வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 100-க்கு 70 வீதம் தடுப்பூசி பெற்றுவிட்டால், நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது நிபுணர் கணக்கு. 2030-க்குள் நாய்வழி வரும் வெறிநோயை நாட்டிலிருந்து அகற்றுவதென்று மத்திய சர்க்கார் 2021-ல் திட்டம் வெளியிட்டனர். கோவாவைப் போலவே சிறிய பிரதேசமான புதுச்சேரியால் இது கூடாதோ?

ஆகவே, அரசியல் தொண்டில் ஈடுபட்ட நமது வாசகர்களுக்குச் சில வேண்டுகோள்கள் செய்துகொள்கிறோம். உங்கள் வட்டத்தில் எத்தனை தெருநாய்கள் உள்ளன, எத்தனைக்கு ஊசி போட்டாயிற்று என்று கணக்கெடுங்கள். நகரசபையாரிடம் கேட்கும்போது கோபத்தோடு மட்டும் போகாமல் கணக்கோடு போங்கள். வருஷத்திற்கொரு முறை தெருக்கூட்டம் போட்டு, கடிபட்டவுடன் செய்யவேண்டியதைத் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஏரிக்கரையில் சாக்கு மூட்டையோடு போகிறவரைக் கண்டால் வைது அனுப்பாமல், அந்தக் குட்டிகளுக்கு வீடு தேட உதவுங்கள். வசதியுள்ளவர்கள் ஆளுக்கொரு குட்டியை, முக்கியமாகப் பெட்டைக் குட்டியை, வீட்டில் ஏற்றுக்கொள்ளுங்கள். வசதியில்லாதவர்கள் ஏற்கவேண்டாம், சில மாதம் வைத்திருந்து தெருவில் விடுவது, ஏற்காமலிருப்பதைவிடப் பெரிய கொடுமை. நாயின் ஆயுள் பத்துப் பதினைந்து வருஷம். அத்தனை வருஷத்துக்கும் சம்மதம் உண்டா என்று வீட்டார் எல்லோரையும், முக்கியமாக வீட்டிலுள்ள பெரியவர்களை, கேட்டுவிட்டே குட்டியைத் தூக்குங்கள். அவர்கள் அச்சத்தை நகைத்துத் தள்ளாதீர்கள். அந்த அச்சத்தின் பின்னே ஒரு மரணம் இருக்கலாம்.

நமது இல்லத்துக் குட்டி வந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. பையன் அதற்குப் "புயல்" என்று பெயரிட்டான். ஊசிகள் யாவும் ஒழுங்காக நடந்துவருகின்றன. பையனுடைய பழைய ஆஸ்பத்திரி அட்டையும் குட்டியின் ஊசிப் புத்தகமும் பூஜை அறையில் ஒரே தட்டில் இருக்கின்றன. அத்தையார் இன்னும் அதனைத் தொடுவதில்லை. மடியில் ஏற்றிக் கொஞ்சுவதுமில்லை. ஆனால் இரவு உணவு முடிந்ததும், தம் இலையில் ஒரு பிடிச் சோற்றை நிறுத்தி, "அதற்குப் போட்டாயிற்றா?" என்று கேட்ட பிறகே எழுந்திருக்கிறார். இப்படி ஒரு வீட்டில் நடக்கக்கூடியது ஒரு தெருவில் நடக்கலாம். ஒரு தெருவில் நடக்கக்கூடியது ஓர் ஊரில் நடக்கலாம். ரெட்டியார்பாளையத்தார் அதற்கு முதலடி எடுத்துவைப்பார்களென்று நம்புகிறோம்.